நாலே முக்கால் விநாடி

பொதுச் சொற்பொழிவுக்கு வருகிறவர்கள் முன்வரிசையில் உட்காருவதில்லை. முப்பத்தொரு வருடமாகப் பார்க்கிறேன். அரங்கு பின்னாலிருந்துதான் நிரம்பும். முன்வரிசையில் துணைவேந்தரும், தப்பிக்க வழியில்லாத துறைக்காரர்கள் இரண்டு பேரும், பேசுகிறவரின் மனைவியும் இருப்பார்கள். திறந்த நாள் மட்டும் இதற்கு விலக்கு. வருடத்தில் ஒருநாள் பல்கலைக்கழகத்தின் வாசல் கேட்டை அகலத் திறந்துவிட்டு, ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து எங்கள் ஆய்வுக்கூடங்களைப் பார்க்கலாம் என்று அறிவிப்போம். அன்று மாலை நான்கு மணிக்குப் பெரிய அரங்கில் என் சொற்பொழிவு. இருக்கை அறுநூறு. முன்வரிசைக்குத்தான் தள்ளுமுள்ளு.

அந்த ஒலிப்பதிவுக் கருவியைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மேடம். நான் குரலை உயர்த்திப் பேசிப் பழகாதவன்.

கூட்டம் வருவது என் பேச்சுக்காக அல்ல என்று எனக்குத் தெரியும். குண்டுக்காக வருகிறார்கள். அரங்கின் கூரையில் ஓர் இரும்பு உத்தரம் இருக்கிறது. அதிலிருந்து ஒன்பது மீட்டர் எஃகுக் கம்பி. கம்பியின் நுனியில் இருபத்தெட்டு கிலோ இரும்புக் குண்டு. மேடை ஓரத்தில் ஆளுயர மரப்பலகை ஒன்று உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒருவர் அதில் முதுகையும் தலையையும் சாய்த்து நிற்பார். குண்டை இழுத்துவந்து அவர் தாடையைத் தொடுகிற மாதிரி பிடித்து, விட்டுவிட வேண்டும். குண்டு மேடையின் மறுகோடி வரை போகும், திரும்பும், நேராக முகத்தை நோக்கி வரும். கூட்டம் அலறும். தாடைக்கு இரண்டு விரல்கடை தள்ளி நின்று, மறுபடி போய்விடும். புறப்பட்ட உயரத்தைத் தாண்டி அதனால் ஏற முடியாது. இயற்கையின் விதி அது. போய் வர ஆறு விநாடி.

பத்தொன்பது வருடம் அந்தப் பலகையில் நின்றவன் நான். குண்டை விடுகிறவன் என் மைத்துனன்.

அவன் என் மனைவியின் தம்பி. எங்களுக்குத் திருமணம் ஆனபோது அவனுக்குப் பதினேழு வயது. பெற்றோர் இல்லை. கல்லூரிப் படிப்பும் ஆராய்ச்சிப் பட்டமும் எங்கள் வீட்டிலிருந்தபடியே முடித்தான். பட்டத்துக்கு வழிகாட்டி நான்தான். பிறகு அதே துறையில் ஆசிரியராகச் சேர்ந்தான். மாணவர்கள் என்னைப் பெரியவர் என்பார்கள், அவனைச் சின்னவர் என்பார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் நாற்பத்துநாலு வயதிலும் என் மனைவிக்கு அவன் குழந்தைதான். வாரத்தில் நான்கு நாள் எங்கள் வீட்டில் சாப்பிடுவான், அதுவும் அடுப்பங்கரையில் நின்றுகொண்டே. மூக்குக்கண்ணாடியை எங்காவது கழற்றி வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவான். அவன் வகுப்பில் இடம் கிடைக்காமல் மாணவர்கள் படிக்கட்டில் உட்காருவார்கள். என் வகுப்பில் எல்லோருக்கும் நாற்காலி இருந்தது.

இதை வைத்துப் பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பொறாமைப்படுகிறவன் பத்தொன்பது வருடம் தன் முகத்துக்கு எதிரே அந்தக் குண்டை அவன் கையில் கொடுத்திருக்க மாட்டான்.

என் ஆராய்ச்சியைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒரு கம்பியை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிந்துவிடும் இல்லையா. எல்லா உலோகமும் அப்படித்தான். எத்தனை முறை தாங்கும் என்பதுதான் கேள்வி. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் உலோகக் கலவையைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதினேன். ஒரு கோடி முறை இழுத்து விட்டாலும் அது விரிசல் விடாது என்று அளந்து காட்டினேன். விருது வந்தது. பாடப்புத்தகத்தில் ஏறியது. லிஃப்ட் செய்கிறவர்கள் கம்பிவடத்தைப் பிடிக்கும் கொக்கியை அந்தக் கலவையில் வார்க்கத் தொடங்கினார்கள். இந்த ஊரில் ஐந்தாவது மாடிக்கு மேல் போகிற எல்லோரும் என் கட்டுரையில் தொங்கிக்கொண்டுதான் போகிறார்கள் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வேன். மாணவர்கள் சிரிப்பார்கள்.

போன வருடம் என்னிடம் ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தாள். வாய் திறக்காமல் வேலை செய்வாள். எறும்பு என்று நான்தான் பெயர் வைத்தேன். என் பழைய அளவீடுகளை ஒருமுறை திரும்பச் செய்துவிட்டு அதிலிருந்து மேலே போகச் சொல்லியிருந்தேன். எல்லா மாணவர்களுக்கும் கொடுக்கிற வேலைதான். மூன்று மாதம் கழித்து அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், என்கிட்டதான் ஏதோ தப்பு இருக்கணும். மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன். அந்தப் பழைய மெஷின்ல அளவுமானி இருபது சதவீதம் கூடக் காட்டியிருக்கு சார். நாம போட்டதா நெனச்ச பாரத்தை நாம போடவே இல்ல."

அதாவது, என் உலோகம் ஒரு கோடி முறை தாங்கியது குறைந்த பாரத்தை. முழுப் பாரத்தில் அது பதினெட்டு லட்சத்திலேயே விரிசல் விடுகிறது. அவள் கணக்கை வாங்கிப் பார்த்தேன். சுத்தமான வேலை. இத்தனை வருடத்தில் என் மாணவர்கள் செய்ததிலேயே அதுதான் ஆகச் சிறந்தது என்று இப்போதும் சொல்வேன்.

என் கண்முன்னால் ஒருமுறை செய்து காட்டச் சொன்னேன். சனிக்கிழமை பகல். ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. அந்த இயந்திரத்துக்கு மேலும் கீழும் இரண்டு இரும்புத் தாடைகள் உண்டு. உலோகத் துண்டை அவற்றுக்கு நடுவே கையால் நேர்செய்து வைக்க வேண்டும். அவள் வலது கை உள்ளே இருந்தபோது இயந்திரம் ஓடிவிட்டது. மூன்று விரல். தாடைகள் ஒருமுறைக்கு இரண்டு முறை மூடித் திறந்தன. சத்தம் பெரிதாக இல்லை, ஈரமான சுள்ளி ஒடிவது போல. அவளும் கத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். விரல்களைப் பொறுக்கி ஐஸ் கட்டியில் வைத்து, என் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். பின்சீட்டு உறையை மாற்ற வேண்டியதாயிற்று. ஒட்டவைக்க முடியவில்லை. பாதுகாப்பு விசையைப் பூட்டாமல் கையை விட்டாள் என்று விபத்துப் பதிவேட்டில் எழுதினேன்.

நீங்கள் அடுத்து கேட்கப்போவது தெரிகிறது. ஆமாம், இயந்திரங்கள் தானாக ஓடுவதில்லை. பொத்தான் என் பக்கத்தில் இருந்தது. அவள் அதோடு ஆராய்ச்சியை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன், விட்டுவிட்டாள். அந்த அளவில் அது போதுமானதாக இருந்தது. அதற்குமேல் நான் எதுவும் செய்யவில்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் என் மைத்துனன் அவளைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனான். அவனுக்கு அதுதான் வழக்கம், யார் வீட்டில் என்ன என்றாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பான். அவள் இடது கையால் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவனிடம் கொடுத்திருக்கிறாள். அவன் எனக்குச் சொல்லாமல் நாலு மாதம் தன் ஆய்வுக்கூடத்தில் புது இயந்திரம் வைத்து அதே சோதனையைச் செய்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தான். சாப்பிடக் கூப்பிட்டும் போகாமல் பால்கனியில் என் பக்கத்தில் நின்றான்.

"அத்தான், அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்."

"எந்தப் பொண்ணு?"

"அத்தான்..." என்று நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "உங்க மேல எனக்கு இருக்கிற மரியாதை துளிகூடக் குறையாது. அளவுமானி தப்பு. உங்க தப்பில்ல. நீங்களே ஒரு கடிதம் எழுதி அந்தக் கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கிட்டா, உங்களைத் தலையில தூக்கி வெச்சு ஆடுவாங்க."

"எழுதலைன்னா?"

"ஜனங்க ஏறி இறங்குறாங்க அத்தான். ஆஸ்பத்திரியில, ஆபீஸ்ல, எல்லா இடத்துலயும். மழைக்காலத்துல ஒரு கொக்கி விட்டுடுச்சே, நாலு பேரு. நான் அந்த ஒடஞ்ச துண்டைக் கேட்டு வாங்கிப் பாத்தேன்."

அந்த லிஃப்டைப் பற்றி எனக்கும் தெரியும். பராமரிப்பு சரியில்லாத கட்டடம். எட்டாவது மாடியிலிருந்து விழுந்தது. அடையாளம் காட்டவே இரண்டு நாள் ஆயிற்று என்று செய்தித்தாளில் படித்தேன். காரணம் இதுதான் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. இதை அவனிடம் சொன்னேன்.

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். பிறகு சொன்னான்: "திறந்த நாள் வரைக்கும் பொறுத்துக்கறேன். உங்க சொற்பொழிவு நல்லபடியா முடியட்டும். அதுக்கடுத்த திங்கக்கெழமை நீங்க எழுதலைன்னா நான் எழுதிடுவேன். அக்காகிட்ட இன்னும் எதுவும் சொல்லல."

உள்ளிருந்து என் மனைவி, "ரெண்டு பேரும் அங்க என்ன மாநாடு நடத்துறீங்க, ஆறிப்போகுது" என்று குரல் கொடுத்தாள். உள்ளே போய்ச் சாப்பிட்டோம். அவன் அன்று உட்கார்ந்து சாப்பிட்டான்.

எனக்கு ஐந்து வாரம் இருந்தது. நான் கோபக்காரன் இல்லை. எல்லா வழிகளையும் யோசித்தேன். அவன் ஒருவன், என் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் ஆயிரத்து நானூறு பேர். அவர்களுடைய வேலையும் சேர்ந்தல்லவா சரியும். இப்படித்தான் ஓர் ஆசிரியன் யோசிக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அரங்கைப் பார்த்துக்கொண்டவர் ஏணிக்காரர். விளக்கு மாட்டவும் திரை கட்டவும் எந்நேரமும் தோளில் ஏணியோடு திரிவதால் அந்தப் பெயர். கம்பியை உத்தரத்தில் மாட்டுவதும் அவர்தான். காலை எட்டு மணிக்கு அரங்கைத் திறந்துவிடச் சொல்லி, பலகையில் முகம் வரும் உயரத்தில் தலை அளவு களிமண் உருண்டையை அப்பினேன்.

"என்னங்கய்யா, இந்த வயசுல மண்ணு வெச்சு வெளையாடுறீங்க?" என்றார்.

"ஒத்திகை" என்றேன். சிரித்துக்கொண்டே டீ வாங்கப் போனார்.

குண்டை விடும்போது கையால் உந்திவிட்டால் அது புறப்பட்ட இடத்தைத் தாண்டும். எவ்வளவு உந்தினால் எவ்வளவு தாண்டும் என்பது எளிய கணக்கு. ஆனால் கணக்கு வேறு, கை வேறு. மெதுவாக உந்தினால் பல் உடைவதோடு சரி. பலமாக உந்தினால் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். இரண்டு கையாலும் குண்டை நெஞ்சோடு அணைத்து, உடம்பைக் கூட்டத்துக்கும் குண்டுக்கும் நடுவில் வைத்து, விடுகிற பாவனையில் கையை நீட்ட வேண்டும். நாலு காலைகளில் பதினோரு முறை செய்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் களிமண்ணில் விழுந்த பள்ளத்தை அளந்து குறித்தேன். கடைசி மூன்று முறையும் உருண்டை பலகையோடு பலகையாகிவிட்டது. அளவீட்டில் நான் கவனமானவன்.

திறந்த நாளுக்கு முந்தின வாரம் அவனிடம், "இந்த வருஷம் நீ நில்லு, நான் விடறேன். இனிமே இது உன் மேடை" என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. நான் கடிதம் எழுத முடிவு செய்துவிட்டேன் என்று அவன் எடுத்துக்கொண்டான். நான் அப்படிச் சொல்லவில்லை.

அன்று அரங்கு வழிந்தது. முன்வரிசை நடுவில் என் மனைவி, பக்கத்தில் துணைவேந்தர். நான் நாற்பது நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன். பிறகு அவனை மேடைக்கு அழைத்தேன். பிள்ளைகள் எழுந்து நின்று "சின்னவர், சின்னவர்" என்று கைதட்டினார்கள். அவன் பலகையில் சாய்ந்து நின்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்:

"விதியை நம்பறவங்க கண்ணை மூடக்கூடாது. நான் மூட மாட்டேன், நீங்களும் மூடாதீங்க."

பலகையில் நெற்றிப்பட்டை ஒன்று உண்டு. நிற்கிறவர் தெரியாமல் முன்னால் சாய்ந்துவிடக் கூடாது என்று பாதுகாப்புக் குழு சொல்லி மாட்டியது. நான் நின்ற காலத்தில் ஒருநாளும் அதைக் கட்டியதில்லை. அன்று கட்டினேன். தலைக்குப் பின்னால் பூட்டு. இறுக்கினேன். "கொஞ்சம் டைட்டா இருக்கு அத்தான்" என்று காதோடு சொன்னான். "அஞ்சு நிமிஷம்தான்" என்றேன்.

குண்டை எடுத்துவந்து அவன் தாடையில் தொட்டேன். அறுநூறு பேரும் எண்ணினார்கள், மூன்று, இரண்டு, ஒன்று. விட்டேன்.

குண்டு என் கையை விட்டுப் போன அந்தக் கணத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருடம் அதைக் கையால் விட்டவன், அது எந்த வேகத்தில் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா. குண்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "அத்தான்" என்றான். சத்தமாக இல்லை, வீட்டில் கூப்பிடுகிற மாதிரி. கை நெற்றிப்பட்டைக்குப் போனது. பூட்டு பின்னால் இருந்ததால் எட்டவில்லை. கழுத்தைத் திருகினான். தள்ளாமல் விட்ட குண்டு திரும்ப ஆறு விநாடி ஆகும். தள்ளிவிட்ட குண்டு அதற்கு முன்னாலேயே வந்துவிடும். நாலே முக்கால். நான் அவனுக்கு மூன்றடி தள்ளி நின்றேன். பட்டையை அவிழ்க்க இரண்டு விநாடி போதும். கூட்டத்தைப் பார்த்து, "கண்ணை மூடாதீர்கள்" என்று சொன்னேன்.

தாடைக்குக் கீழே இடது பக்கம் விழுந்தது. தலைக்குப் பின்னால் பலகை இருந்ததால் விசை போக வேறு இடம் இல்லை. பலகை பிளந்தது. பல் ஒன்று மேடையில் உருண்டு ஓடி விளிம்பில் நின்றதைப் பார்த்தேன். குண்டு பின்வாங்கியபோது முகம் என்று சொல்ல இடது பக்கத்தில் எதுவும் இல்லை. பட்டை பிடித்துக்கொண்டிருந்ததால் அவன் விழவும் இல்லை, நின்றபடியே இருந்தான். குண்டு மறுபடியும் போய், மறுபடியும் வந்து தொட்டது. இரண்டாவது தடவை நான் அதைப் பிடித்திருக்கலாம். அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை. முன்வரிசை வரைக்கும் தெறித்திருந்தது. கூட்டம் கொஞ்ச நேரம் கைதட்டிக்கொண்டே இருந்தது. பின்னால் இருந்தவர்களுக்குப் புரிய நேரம் ஆகும்.

என் மனைவி மேடையேறி அவன் தலையைத் தன் புடவையால் சேர்த்துப் பிடித்தாள். பிறகு வீட்டில், பதினாறு நாள் கழித்து, என் தோளில் கை வைத்து அவள் சொன்னது இது: "உங்களை நீங்களே நொந்துக்காதீங்க. தம்பிக்கு நேரம் முடிஞ்சுபோச்சு. நீங்க சாப்பிடுங்க முதல்ல." அவன் அறைச் சாவியையும் அவளே கொடுத்தாள். அவன் பொருள்களை நான்தான் பார்த்து எடுத்துவர வேண்டும் என்றாள். மாணவியின் நோட்டும் அவன் சோதனைத் தாள்களும் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தன. தாளைத் துண்டு துண்டாக்குகிற இயந்திரம் துறை அலுவலகத்திலேயே இருக்கிறது.

லிஃப்டுகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அது துறை சார்ந்த விவாதம், மேடம். நிபுணர்கள் பேசித் தீர்க்க வேண்டியது. இங்கே வைத்துப் பேசுவது முறையல்ல.

நான் ஏன் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன் என்றும் கேட்டீர்கள். விசாரணைக் குழு என்று ஐந்து பேராசிரியர்களைப் போட்டார்கள். மூன்று மாதம் உட்கார்ந்தார்கள். ஏணிக்காரர் கம்பியை மாட்டியதில் கவனக்குறைவு என்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். களிமண்ணைப் பற்றி அவர் குழுவிடம் சொல்லியிருக்கிறார். பேராசிரியரின் முன்னெச்சரிக்கை ஒத்திகை என்று எழுதிக்கொண்டார்களாம். போன வாரம் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஏணி இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. "நான் சரியாத்தான் மாட்டினேன்யா. உங்களுக்குத் தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். அவருக்காகத்தான் வந்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

அறுநூறு பேரில் பாதிப் பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். குண்டு போய் வந்த நேரத்தை எண்ணினாலே போதும், அது தள்ளப்பட்டது என்று முதலாண்டு மாணவன் சொல்லிவிடுவான். ஐந்து பேராசிரியர்களில் ஒருவர்கூட எண்ணவில்லை. அதைக்கூட மன்னித்துவிடுவேன்.

ஆனால் அறிக்கையின் நாற்பத்தோராவது பக்கத்தைப் படியுங்கள். கோடு போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். "வயது முதிர்வின் காரணமாக, குண்டை விடும் வேளையில் பேராசிரியரின் கை நடுங்கியிருக்கக்கூடும்" என்று எழுதியிருக்கிறார்கள். அச்சில் வந்துவிட்டது. நூலகத்தில் வைப்பார்கள். இனி வருகிறவர்கள் அதைத்தான் படிப்பார்கள்.

என் கை நடுங்கவில்லை, மேடம். அதை மட்டும் தவறில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.